ஒரு மூக்குக்கு ஒரு கண்ணாடி, பிறகெதற்கு ‘ஸ்’?

கேள்வி, ஜூன் 11, 2023

என் மகள் ஆறாம் வகுப்பு. வீட்டுப்பாடத்தில் ‘மை ஃபாதர் வேர்ஸ் எ ஸ்பெக்டகிள்’ என்று எழுதியிருந்தாள். டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டு, “உங்கப்பா என்ன வேடிக்கையை மாட்டிக்கிட்டுத் திரியறார்?” என்று வகுப்பில் கேட்டிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்களாம். வந்ததிலிருந்து அழுகை. எனக்கு இரண்டு கேள்வி. முகத்தில் இருப்பது ஒரே ஒரு கண்ணாடி, அதற்கு எதற்குப் பன்மை? வேடிக்கைக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் ஒரே சொல் எப்படி வந்தது?

ஜூன் 11, இரவு

‘ஸ்’ வேண்டும். இன்றைய ஆங்கிலத்தில் டீச்சர் திருத்தியது சரிதான். மற்ற பிள்ளைகளைச் சிரிக்க வைத்ததுதான் சரியில்லை.

தாராபுரத்தில் கண்ணாடிக் கடையில் 22 வருடமாக லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்துகிறேன். எங்கள் கைக்கு இது ஒரு பொருளாக வருவதே இல்லை. ஆர்டர் சீட்டில் வலது கண்ணுக்கு ஒரு வரி, இடது கண்ணுக்கு ஒரு வரி. லென்ஸும் இரண்டு காகித உறைகளில் தனித்தனியாக வரும். பிரேம் என்பது அந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற கம்பி, அவ்வளவுதான்.

ஆதியில் செய்த கண்ணாடிகளின் படத்தைப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். காதுக்குப் போகிற கம்பியே கிடையாது. கைப்பிடி வைத்த சின்னப் பூதக்கண்ணாடி இரண்டை எடுத்து, பிடிகளின் நுனியில் ஓர் ஆணி அடித்துச் சேர்த்தார்கள். கத்தரிக்கோலை விரிப்பது போல விரித்து மூக்கில் கவ்வ வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கையிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். கத்தரிக்கோலும் ஆங்கிலத்தில் பன்மைதானே, ‘சிஸர்ஸ்’. இரண்டு துண்டைச் சேர்த்துச் செய்த சாமான்களுக்கு அந்த மொழியில் அப்படி ஒரு வழக்கம்.

அப்புறம் வேடிக்கை. லத்தீனில் ‘ஸ்பெக்டாரே’ என்றால் பார்ப்பது. ‘ஸ்பெக்டாகுலம்’ என்றால் ஊர் கூடிப் பார்க்கிற காட்சி. அது பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. பார்க்கிற காட்சிக்கு இருந்த சொல்லே, பார்க்க உதவுகிற சாமானுக்கும் ஆகிவிட்டது.

ஜூன் 12, காலை

நேற்று ‘இன்றைய ஆங்கிலத்தில்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். விஷயமே அதில்தான் இருக்கிறது.

1400இல் இறந்த ஆங்கிலக் கவி சாசர். அவருடைய கேண்டர்பரிக் கதைகளில் பாத் ஊர்ப் பெண் சொல்லும் கதையில், வறுமை என்பது ஒரு கண்ணாடி, அதன் வழியாகப் பார்த்தால் உண்மையான நண்பர்கள் யார் என்று தெரியும் என்ற பொருளில் இரண்டு வரி வருகிறது. அங்கே அவர் எழுதியிருப்பது ‘எ ஸ்பெக்டகிள்’. ஒருமை. ‘ஸ்’ கிடையாது. பன்மை நிலைபெற்றது 15ஆம் நூற்றாண்டில்தான்.

ஆக, பாப்பா எழுதிய அதே இரண்டு சொற்களை ஆங்கிலத்தின் பெரிய கவி ஒருவர் 600 வருடத்துக்கு முன்னால் எழுதியிருக்கிறார். இதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். மதிப்பெண் திரும்ப வராது, பரவாயில்லை.

ஜூன் 12, மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம்

அவள் ஏன் ‘ஸ்’ போடவில்லை என்றும் யோசித்தேன். அது கவனக்குறைவு இல்லை. தமிழில் இரட்டையாக இருப்பதை நாம் ஒன்றாகத்தான் சொல்கிறோம். “கண் தெரியலை”, “காது கேட்கலை”, “கால் வலிக்குது”, “கோயில்ல செருப்பு தொலைஞ்சு போச்சு.” ஒற்றைச் செருப்பு தொலைந்தால்தான் அதைத் தனியாகச் சொல்வோம். கடைக்கு வருகிறவர்கள் “கண்ணு மங்கலா இருக்குதுங்க” என்பார்கள், எந்தக் கண் என்று நான் திரும்பக் கேட்பேன். 22 வருடமாகத் தினமும் கேட்கிற கேள்வி அது.

இந்தப் பேச்சில் வளர்ந்த பிள்ளை ‘எ ஸ்பெக்டகிள்’ என்று எழுதுவதுதான் இயல்பு. இங்கே இரண்டு மொழிகள் இரண்டு விதமாக எண்ணுகின்றன என்று ஒரு நிமிடம் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த வகுப்பு முழுக்க மறக்காமல் இருந்திருக்கும்.

ஜூன் 13

கண்டுபிடித்தது யார் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரத்து சால்வினோ தெக்லி அர்மாத்தி. 1317இல் இறந்தார். கல்லறையிலேயே ‘கண்ணாடியைக் கண்டுபிடித்தவர்’ என்று பொறித்திருக்கிறார்கள். நான் தொழில் கற்ற கடையில் ஒரு பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்து ஒட்டி வைத்திருந்தார்கள், அதில் படித்தது.

ஜூன் 14

நேற்று எழுதியது தவறு. யாரும் அதை எடுத்துப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். அழிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் பல இடங்களில் அந்தப் பெயர் இன்னும் சுற்றுகிறது.

சால்வினோ கதையைக் கிளப்பியவர் மில்யோரே என்ற ஃபுளோரன்ஸ்காரர். 1684இல் அச்சான தன் புத்தகத்தில், தன்னிடம் ஒரு பழைய இறப்புப் பதிவேடு இருப்பதாகச் சொல்லி இந்தப் பெயரைக் கொண்டுவந்தார். கல்லறை எழுத்து அதை நம்பிப் பிற்காலத்தில் வைத்தது. எட்வர்ட் ரோசன் என்ற வரலாற்றாசிரியர் 1956இல் எல்லாவற்றையும் ஆராய்ந்து, அது புனைவு என்று காட்டிவிட்டார்.

நமக்கு உறுதியாகக் கிடைப்பது ஒரு பிரசங்கம். 1306 பிப்ரவரி 23 அன்று ஜோர்தானோ என்ற பாதிரியார் ஃபுளோரன்ஸில் பேசும்போது, நன்றாகப் பார்க்க உதவும் கண்ணாடி செய்யும் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் 20 வருடம்கூட ஆகவில்லை என்கிறார். முதலில் செய்தவரைத் தான் பார்த்ததாகவும், அவரோடு பேசியதாகவும் சொல்கிறார். பெயர் சொல்லவில்லை. அதே ஜோர்தானோவின் பீசா நகர மடத்தில் அலெஸ்ஸாந்த்ரோ தெல்லா ஸ்பீனா என்று ஒருவர் இருந்தார், 1313இல் இறந்தார். மடத்துக் குறிப்பேட்டில் அவரைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேறு ஒருவர் முதலில் கண்ணாடியைச் செய்துவிட்டுத் தொழில் ரகசியத்தைச் சொல்ல மறுத்தாராம். ஸ்பீனா தானே செய்து பார்த்துக் கற்றுக்கொண்டு, மலர்ந்த முகத்தோடு எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தாராம்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி அப்படிப்பட்டவர். அதற்கு முன் இருந்த கடையில், லென்ஸ் தேய்க்கும்போது என்னை டீ வாங்க அனுப்பிவிடுவார்கள். மேஸ்திரி என் கையைப் பிடித்து, கல் சக்கரத்தில் லென்ஸின் விளிம்பு படும்போது வருகிற சத்தம் எப்படி மாற வேண்டும் என்று காதால் கற்றுக்கொடுத்தார். கரகரவென்று இருந்த சத்தம் மெலிந்து ஒரே சீராக இழையும்போது கையைத் தூக்கிவிட வேண்டும். இப்போது மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் அந்தச் சத்தத்துக்குக் காது தானாகத் திரும்புகிறது.

ஜூன் 15

பீசாவில் செய்த அந்த முதல் கண்ணாடிகள் யாருக்கு? கிட்டப் பார்வை மங்கியவர்களுக்கு மட்டும். நடு தடித்த, பிளஸ் பவர் லென்ஸ். தூரம் தெரியாதவர்களுக்கான குழி லென்ஸ் புழக்கத்துக்கு வர இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. 1462இல் மிலான் பிரபு ஸ்ஃபோர்ட்சா ஃபுளோரன்ஸில் இருந்த தன் தூதருக்கு எழுதி மூன்று டஜன் கண்ணாடி வரவழைத்தார். தூரத்துக்கு ஒரு டஜன், கிட்டத்துக்கு ஒரு டஜன், சாதாரணமாக ஒரு டஜன். கண்ணைப் பார்க்காமலே டஜன் கணக்கில் ஆர்டர்.

நாற்பதுக்கு மேல் வரும் அந்தக் கிட்டப் பார்வை மங்கலுக்குத் தமிழில் ஒரு அருமையான சொல் இருக்கிறது. வெள்ளெழுத்து. எழுத்து வெளுத்துத் தெரிகிறது என்று நோயாளி சொல்வதையே நோய்க்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் சாளேஸ்வரம் என்றும் சொல்வார்கள். கேட்டால் சிவன் கோயில் மாதிரி இருக்கும். அது இந்தி, மராத்தி பக்கத்து ‘சாலீஸ்’, அதாவது நாற்பது. நாற்பதில் வருவதால் அந்தப் பெயர்.

போன வருடம் ஓர் ஆத்தா வந்தார். எழுபது இருக்கும். படிக்கிற அட்டையை நீட்டினேன். “எழுத்துத் தெரிஞ்சு நான் என்ன சாமி பண்ணப் போறேன்” என்று தள்ளிவிட்டு, மடியில் முடிந்து வைத்திருந்த கேழ்வரகை மேஜைக் கண்ணாடிமேல் ஒரு பிடி கொட்டினார். டிரையல் பிரேமில் ஒவ்வொரு லென்ஸாக மாற்ற மாற்ற, விரல் நுனியால் தானியத்தைப் பரப்பிக்கொண்டே வந்தார். பிளஸ் இரண்டில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டரை போட்டதும் கை நின்றது. ஆள்காட்டி விரல் நகத்தில் ஒன்றை ஒட்டி எடுத்து என் பக்கம் காட்டினார். மணல். கேழ்வரகின் அதே சிவப்பு, அதே அளவு. எனக்குத் தெரியவில்லை, என் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. “இதான். இதையே போட்டுக் குடு” என்றார்.

ஜூன் 17

‘லென்ஸ்’ என்ற சொல்லுக்கு லத்தீனில் என்ன பொருள் தெரியுமா? மைசூர் பருப்பு. உடைத்த ஆரஞ்சுப் பருப்பைப் பார்க்காதீர்கள், தோலோடு முழுதாக வரும் மசூரைப் பாருங்கள். ஒன்றை நிமிர்த்திப் பக்கவாட்டில் பார்த்தால் நடு தடித்து, இரண்டு புறமும் புடைத்து, ஓரம் மெலிந்திருக்கும். பிளஸ் லென்ஸின் வடிவம் அப்படியே. அந்த ஜாடையைப் பார்த்துத்தான் 17ஆம் நூற்றாண்டில் பெயர் வைத்தார்கள். தாவர நூலில் அந்தப் பருப்புக்கு இன்றும் ‘லென்ஸ்’ என்றுதான் பெயர்.

ஜூன் 18, ஞாயிறு

இன்றைக்கு நேரம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஒவ்வொரு மொழியும் இந்தச் சாமானுக்கு எப்படிப் பெயர் வைத்தது என்று பார்த்தால் நாளெல்லாம் பார்க்கலாம். பிரெஞ்சில் ‘லூனெட்’, குட்டி நிலாக்கள். இத்தாலியில் ‘ஒக்கியாலி’, கண்ணிலிருந்து வந்தது. இந்தியில் ‘சஷ்மா’, அதுவும் பாரசீகக் கண்தான். சீனத்தில் ‘யான்ஜிங்’, கண்ணுக்கான முகம் பார்க்கும் கண்ணாடி. என்னை உலுக்கியது ஜெர்மன். அங்கே ‘பிரில்லெ’, டச்சில் ‘பிரில்’. இது பெரில் என்ற கல்லின் பெயர். கண்ணாடி பிறப்பதற்கு முன்பே தெளிவான படிகக் கற்களைத் தேய்த்துப் புத்தகத்தின் மேல் வைத்து எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தார்கள், அந்தப் பெயர் அப்படியே கண்ணாடிக்கு ஒட்டியது.

பெரில் என்ற பெயர் லத்தீனுக்குக் கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்துக்குப் போனது இங்கிருந்து. பிராகிருதத்தில் ‘வேளுரிய’, சமஸ்கிருதத்தில் ‘வைடூர்ய’. அதுவும் மூலத்தில் திராவிடச் சொல்லாக இருக்கலாம் என்று அறிஞர்கள் சிலர் கருதுகிறார்கள், ஊர்ப் பெயர் ஒன்றிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. ரோமாபுரியின் பிளினி முதல் நூற்றாண்டிலேயே, பெரில் இந்தியாவில்தான் கிடைக்கிறது, வேறு இடங்களில் அபூர்வம் என்று எழுதிவிட்டார்.

இந்தியாவில் எங்கே என்று கேட்டால், நான் உட்கார்ந்திருக்கிற சீமைதான் முக்கியமான இடம். காங்கேயம் பக்கத்துப் படியூரில் கடல்நீல நிறப் பெரில் எடுத்திருக்கிறார்கள். நொய்யல் கரையில் கொடுமணல், பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடுகிற ஊர், அங்கே அகழாய்வில் பெரில் கற்களும் கல்மணி செய்த பட்டறைத் தடங்களும் கிடைத்திருக்கின்றன. மழை பெய்து வெறித்ததும் எங்கள் அப்பாரு காட்டுக்குள் குனிந்தபடியே நடப்பார், கழுவின மண்ணில் ஏதாவது மின்னுகிறதா என்று. இரண்டு மூன்று கற்களை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார். ஒன்றை வாங்கிச் சின்ன வயதில் கண்ணருகே வைத்துப் பார்த்திருக்கிறேன், வேப்பமரம் தலைகீழாகப் பச்சைத் தண்ணீரில் நிற்பது போல இருந்தது. அன்றைக்கு எனக்கு ஜெர்மன் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் இந்த ஒரு சொல் போதும்.

ஜூன் 19

வைடூரியம் என்றால் பூனைக்கண் கல், பெரில் இல்லை என்று நகைக்கடை நண்பர் போனில் சொன்னார். அவர் சொல்வது இன்றைய வழக்கு. நவரத்தினத்தில் கேதுவுக்கு வைக்கிற வைடூரியம் பூனைக்கண்தான், அது வேறு கனிமம். பழைய ‘வேளுரிய’விலிருந்து கிரேக்கம் எடுத்துக்கொண்ட சொல் பெரிலைக் குறித்தது. சொல் ஒன்று, கல் இரண்டு. மோதிரம் வாங்குகிறவர்கள் என் பேச்சைக் கேட்டுக் கடையில் சண்டை போட வேண்டாம். மரகதம்தான் உண்மையில் பெரில் இனத்துக் கல்.

ஜூன் 21

மரகதம் என்றதும் ஞாபகம் வந்தது. அதே பிளினி, நீரோ மன்னன் வாள்வீரர் சண்டையை ‘மரகதத்தில்’ பார்த்தான் என்று எழுதுகிறார். பார்த்தான் என்பதற்கு அவர் போட்டிருக்கும் வினை ‘ஸ்பெக்டாரே’. நீங்கள் கேட்ட வேடிக்கையும் கண்ணாடியும் ஒரே வரியில் வந்துவிட்டன, கண்ணாடி பிறப்பதற்கு 1200 வருடத்துக்கு முன்பே!

கல்லின் வழியாகப் பார்த்தானா, கல்லின் முகப்பில் தெரிந்த பிம்பத்தைப் பார்த்தானா என்று இன்னும் வாதாடுகிறார்கள். லத்தீனில் ‘மரகதத்தில்’ என்றுதான் இருக்கிறது. தமிழில் ‘கண்ணாடியில் பார்த்தான்’ என்று எழுதினாலும் இதே குழப்பம்தான் வரும். முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் போடுவதும் கண்ணாடி. பழந்தமிழில் ஆடி என்றாலே முகம் பார்ப்பது. குறுந்தொகை 8ஆம் பாட்டில் பரத்தை தலைவனைச் சொல்கிறாள், நாம் கையும் காலும் தூக்கினால் தானும் தூக்கும் ஆடிப்பாவை போல, தன் வீட்டில் மனைவி சொன்னபடி ஆடுகிறான் என்று. கண் சேர்ந்து கண்ணாடி ஆனது, பிறகு அந்தப் பொருள் எதனால் ஆனதோ அதற்கும் பெயரானது, கடைசியில் மூக்கில் ஏறியது. குழப்பம் வரும்போது ‘மூக்கு’ என்று முன்னால் சேர்த்துக்கொள்கிறோம். மலையாளத்தில் முகம் பார்ப்பது கண்ணாடி, மூக்கில் போடுவது கண்ணட. பிரித்துவிட்டார்கள்.

ஜூன் 25

“ஸ்பஷ்டமா சொல்லு” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த ஸ்பஷ்டமும் ஸ்பெக்டகிள்ஸும் ஒரே வேர். சமஸ்கிருதத்தில் ‘ஸ்பஷ்’ என்றால் பார்த்தல், கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது ஸ்பஷ்டம். லத்தீன் கிளையில் அதே வேரிலிருந்து இன்ஸ்பெக்டர், சஸ்பெக்ட், ரெஸ்பெக்ட். பள்ளிக்கு வருகிற இன்ஸ்பெக்டரும் பாப்பாவின் சொல்லுக்கு உறவுதான்.

ஜூலை 2

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு. டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யத்தில் அவுட்டானால் ‘பேர்’ என்பார்கள். அது ‘எ பேர் ஆஃப் ஸ்பெக்டகிள்ஸ்’ என்பதன் சுருக்கம். ஸ்கோர் தாளில் 0, 0 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் மூக்குக் கண்ணாடி மாதிரியே இருக்கும். இரண்டு வட்டம் இருந்தால்தான் ‘ஸ்’ என்று பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல படம் கிடைக்காது. ஒரு பூஜ்யம் என்றால் வெறும் ‘டக்’.

ஜூலை 9

இந்த இழைக்குள் வந்த நாளிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன், கையில் பொருள் இல்லாமல் சொல்ல மனம் வரவில்லை. இன்று காலை கிணற்று மேட்டில் கிடைத்துவிட்டது. சாரைப் பாம்பின் சட்டை. வால் பக்கம் கிழிந்துவிட்டது, தலைப் பக்கம் முழுசாக இருக்கிறது.

நல்ல பாம்புக்கு ஆங்கிலத்தில் கண்ணாடி போட்ட நாகம் என்று பெயர், படத்தின் பின்புறக் குறியைப் பார்த்து வைத்தது. ஜெர்மனிலும் அப்படித்தான், ‘பிரில்லன்ஷ்லாங்கெ’. நான் சொல்ல வந்தது அது இல்லை. எல்லாப் பாம்பின் கண்ணையும் பற்றி. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடி போலத் தெளிந்த ஒரே ஒரு செதில் மூடியிருக்கும். சட்டை உரிப்பதற்குச் சில நாள் முன்னால் அது பால் போல் மங்கும், உரிக்கும்போது சட்டையோடு கழன்று வந்துவிடும். அந்தச் செதிலுக்கு விலங்கியலில் இரண்டு பெயர். ஒன்று ‘பிரில்’. இன்னொன்று ‘ஸ்பெக்டகிள்’. ஒரு கண்ணுக்கு ஒன்று என்பதால் ஒருமை.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உடம்பு முழுக்கச் செதில்கள் வெளிறிய காகிதம் மாதிரி. கண் இருந்த இடத்தில் மட்டும் மிளகளவு வட்டம், மடிப்பும் கீறலும் இல்லாமல், ஒரு குட்டிக் கிண்ணம் போலக் குவிந்து, அதன் வழியாக ஜன்னல் கம்பி தெரிகிறது. கடையில் லென்ஸ் வரும் காகித உறையிலேயே போட்டு வைத்திருக்கிறேன். ‘வலது’ என்று அச்சடித்த உறை.

பாப்பாவைத் தாராபுரம் பக்கம் அழைத்து வந்தால் காட்டுகிறேன். பாம்பின் ஒரு கண்ணைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். அவள் எழுதிய ‘எ ஸ்பெக்டகிள்’ அங்கே அப்படியே நிற்கும், ஓர் எழுத்துகூடத் திருத்த வேண்டாம்.